நாலரை பூமி

உட்கார், ஒதீல். அந்த நாற்காலிக்கு மூன்று கால்தான்,
சுவரோடு சாய்த்துக்கொள்.
பெயர் சியாசி. வயது முப்பத்து நாலு.
வேலை, கூட்டுறவுக் கடையில் விலை ஒட்டுவது.
ஆகவே நீ கேட்கப்போகும் பாதிக் கேள்விக்கு
என் விரல்நுனியிலேயே பதில் ஒட்டியிருக்கிறது:
மூன்று குடைமிளகாய், பிளாஸ்டிக் உறைக்குள், பதினாறு டாலர்.
மெக்சிகோவில் காய்த்து
மான்ட்ரியலில் ஓரிரவு தூங்கி
என்னைவிட அதிகம் ஊர் பார்த்துவிட்டு வந்தவை.
அழுகத் தொடங்கினால் பாதி விலை.
அப்போது வாங்குவேன்.
எழுதிக்கொள்: காய்கறி, விமானம் வழி.

வீட்டைச் சூடாக்க டீசல். விளக்குக்கும் டீசல்.
குழாயில் வரும் தண்ணீர்கூட லாரியில்தான் வந்தாக வேண்டும்,
அந்த லாரிக்கும் அதுவே.
ஆகஸ்டில் கப்பல் வந்து கரைக்குக் குழாய் நீட்டும்.
அந்த வாரம் துணி காயப்போட மாட்டோம்.

பாதச்சுவடு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் இந்தக் கணக்குக்கு.
என் காலணி அளவு ஆறு.
அதை மட்டும் நீ கேட்கவில்லை.

இறைச்சியில் மாடு, பன்றி, கோழி என மூன்று கட்டம்.
கடல்நாய்க்குக் கட்டமில்லை.
'மற்றவை' என்று போடட்டுமா என்கிறாய்.
போடு.
என் தம்பி புடுலிக் போன டிசம்பரில்
மற்றவையைத் தேடிப் போய்த்தான்
பனிவண்டியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு
இடுப்புவரை நனைந்து நடந்து வந்தான்.
முன்பெல்லாம் நவம்பரிலேயே இறுகிவிடும் கட்டி
இப்போது கிறிஸ்துமஸ் கழிந்தும் காலடியில் முனகுகிறது.
எனவே சுற்றுவழி. எனவே இருமடங்கு பெட்ரோல்.
அதையும் எங்கள் பக்கத்திலா ஏற்றுகிறாய்?
ஏற்று, ஏற்று.
உருக்கியவர்கள் வந்து கையெழுத்துப் போடும்வரை
யாராவது கடனை வைத்திருக்க வேண்டுமே.

விமானப் பயணம், கடந்த ஐந்தாண்டில்?
இரண்டு.
ஒன்று கடைவாய்ப் பல்.
இன்னொன்று அக்பிக், அதோ தூங்குகிறாளே.
வயிற்றில் குறுக்கே கிடக்கிறாள் என்று தெற்கே அனுப்பினார்கள்.
போகும்போது ஒரு பெயர், வரும்போது இரண்டு.
திரும்பி வந்த தூரத்தை யார் தலையில் எழுதுவாய்,
என் தலையிலா,
உச்சிக்குழி மூடாத அவள் தலையிலா?

நீ சிரிக்கவில்லை. விரலால் திரையைத் தள்ளுகிறாய்.
உலகமே சியாசிபோல வாழ்ந்தால்
நாலரை பூமி வேண்டுமாம்.
உனக்கு எத்தனை என்கிறேன்.
நாலு, என்கிறாய் மெதுவாக.
மெட்ரோவில் போகிறாய், பருப்பு தின்கிறாய்,
உன் கட்டடத்தைச் சூடாக்குவது ஆற்று மின்சாரம்.
எந்த ஆறு என்று நான் கேட்கவில்லை.
எங்கள் வடக்கில் அணை கட்டிய ஆறுகளை
பெயர் சொல்லி எண்ண எனக்குத் தெரியும்,
ஆனால் அது உன் கேள்வித்தாளில் இல்லை.

இந்த வீட்டில் ஏழு பேர், ஒதீல். இரண்டு அறை.
வேறு வீட்டுக்கு எழுதிக்கொடுத்துப் பதினோரு வருடம்.
அந்த நாலரையில் எதிலாவது
எங்கள் பெயருக்கு ஒரு கதவு உண்டா, பார்.

உன்னை இங்கே இறக்கிய விமானம்?
ஊர்க்கணக்கில் சேர்த்துத் தலைக்கு இவ்வளவென்று வகுப்போம் என்கிறாய்,
காது சிவக்க.
ஆக, நீ என்னைக் கேட்க வந்த செலவில்
எனக்கும் ஒரு பங்கு. அக்பிக்குக்கும் ஒன்று.
இருக்கட்டும், தேநீர் குடி, ஆறுகிறது.

மின்நிலையம் நின்றுவிட்டது.
அந்த இரைச்சல் நிற்கும்போதுதான் எங்களுக்குக் கேட்கும்.
குளிர்பெட்டி ஒருமுறை விக்கி அடங்குகிறது, குழந்தை அழுகிறது,
இருட்டில் உன் முகம் மட்டும் நீலமாய்த் தெரிகிறது
பலகையின் வெளிச்சத்தில்.
மின்கலம் தொண்ணூற்றிரண்டு சதவீதம்.
நேற்றிரவு எங்கள் சுவரில் குடித்தது.

அணைக்காதே.
இப்படித் திருப்பு,
மெழுகுவத்தி அந்த மேல்தட்டில்தான் எங்கோ.